இரை நாளில் பாம்பு ஏன் இப்படிச் செய்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் எனக்கு எழுதும் கேள்விகளில் பெரும்பாலானவை இரை கொடுக்கும் நாளைப் பற்றியவை. மற்ற நாளெல்லாம் ஒளிவிடத்தில் சுருண்டு கிடக்கும் பாம்பு அன்றைக்குத்தான் ஏதாவது புதிதாகச் செய்யும். இந்த முறை ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பால் பைத்தான் மூன்று வயது ஆண். நவம்பரிலிருந்து பத்து வாரமாக எலியைத் தொடவில்லை. கிட்டே வருகிறது, நாக்கை நீட்டிப் பார்க்கிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது. எனக்குத் தூக்கமே போய்விட்டது, டாக்டர். (ஸ்கார்பரோ, கனடா)

உங்கள் பயம் புரிகிறது. பத்து வாரம் நாம் சாப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் பால் பைத்தானால் முடியும். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கம் வாழும் மலைப்பாம்பு இனம் இது. இனப்பெருக்கக் காலத்திலும் குளிரான மாதங்களிலும் பல மாதம் இரை எடுக்காமல் கிடப்பது அதன் வழக்கம், வளர்ந்த ஆண்களிடம் இன்னும் அதிகம்.

அதனால் நாட்களை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். பட்டினி தொடங்கியபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, முதுகெலும்பு கூராகத் துருத்தித் தெரிந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். எடை நிலையாக இருந்தால் பொறுத்திருக்கலாம்.

அடுத்தது பெட்டியின் சூடு. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். கனடா குளிர்காலத்தில் ஜன்னலோரப் பெட்டியில் இரவு நேரச் சூடு இறங்கிவிடும். வீட்டு ஹீட்டர் காற்றின் ஈரப்பதத்தையும் உறிஞ்சிவிடும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்ப வேண்டாம். சென்சார் முனையைப் பாம்பு படுக்கும் தரையிலேயே வைத்து அளந்து பாருங்கள்.

இன்னொன்று, கிட்டே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்கிறீர்களே, அதை நான் முக்கியமான தடயமாகப் பார்க்கிறேன். இந்தப் பாம்பின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலியின் வாசனை வந்து, உடற்சூடு வராவிட்டால் அது குழம்பும். உறைந்த எலியை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கொடுக்கும் முன் பைக்குள் கட்டி வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். தலைப்பகுதி தொட்டால் நம் உடம்பைவிடச் சற்றுச் சூடாகத் தெரிய வேண்டும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், உள்ளே வெந்துவிடும், வெடிக்கவும் செய்யும். இரவில் விளக்கை அணைத்து, இடுக்கியால் ஒளிவிடத்தின் வாசலில் காட்டுங்கள். எடுக்காவிட்டால் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். தினமும் எலியை நீட்டினால் அது இன்னும் மிரளும்.

பால் பைத்தான் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. எலி சாப்பிடவில்லை. அம்மா கிண்ணத்தில் பாலும் பக்கத்தில் ஒரு முட்டையும் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா? (மதுரை)

வேண்டாம். பெயரில் இருக்கும் பால், ஆங்கிலத்தில் பந்து என்ற பொருளில் வருவது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். நம் ஊரில் புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கம் இருப்பதால் அம்மாவுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பாம்பு பாலூட்டி இல்லை, பாலைச் செரிக்கும் உடம்பு அதற்கு இல்லை. கடும் தாகத்தில் இருக்கும் பாம்பு எந்தத் திரவம் வைத்தாலும் குடிக்கும், அதைத்தான் பால் குடித்தது என்று சொல்கிறோம். முட்டையையே தின்று வாழும் பாம்புகள் ஆப்பிரிக்காவில் உண்டு. உங்களுடையது அந்த வகை அல்ல. சுத்தமான தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். புது வீட்டுக்கு வந்த பாம்பை ஒரு வாரம் தொடாமல் விட்டு, பிறகு இரை காட்டிப் பாருங்கள்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பால் பைத்தான், வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ள இனம். இந்தியாவில் அதை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். சாரை, மண்ணுளி போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கார்ன் ஸ்நேக் குட்டிக்குச் சனிக்கிழமை எலிக்குஞ்சு கொடுத்தோம். ஞாயிறு விருந்தாளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை கையில் வாங்கிப் பார்த்தார்கள். அன்றிரவே கக்கிவிட்டது. உடனே வேறொன்று கொடுக்கட்டுமா? (ஹாரோ, லண்டன்)

கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு அடுத்த இரையை உடனே கொடுத்துத்தான் நிறையக் குட்டிகளை இழக்கிறோம்.

இரை விழுங்கிய பாம்பின் உடம்புக்குள் பெரிய வேலை நடக்கிறது. பர்மிய மலைப்பாம்பில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய இரை எடுத்த இரண்டே நாளில் அதன் இதயத்தின் கீழறைத் தசை 40 சதவீதம்வரை பெருக்கிறது, குடலும் தடிக்கிறது. உங்கள் குட்டியில் அளவு வேறாக இருக்கலாம், ஆனால் செரிமானம் அதற்கும் பெரிய உழைப்புதான். அந்த நேரத்தில் கைக்குக் கை மாறினால், மிரண்டு சுமையை வெளியே தள்ளிவிடும். கக்கும்போது வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது, உடம்பின் நீரும் உப்பும் போகின்றன.

பத்து முதல் பதினான்கு நாள் வயிற்றைச் சும்மா விடுங்கள். தண்ணீர் இருக்கட்டும், சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரியில் இருக்கட்டும். பிறகு வழக்கமானதில் பாதி அளவு இரை. இரை கொடுத்த பின் குறைந்தது 48 மணி நேரம் யாரும் தொடக் கூடாது, விருந்தாளி யாராக இருந்தாலும் சரி. மறுபடியும் கக்கினால் கக்கியதைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பரிசோதிப்பார்.

எனக்குப் பதினாலு வயசு. அப்பா பெயரில் உரிமம் வாங்கி கார்பெட் பைத்தான் வளர்க்கிறோம். பெட்டியைத் திறந்தாலே என் கைமேல் பாய்கிறது. வெளியே எடுத்துவிட்டால் சாது. என்னைப் பிடிக்கவில்லையா, அங்கிள்? (சிட்னி)

அப்படி நினைக்காதே தம்பி. பெட்டி திறந்தால் சாப்பாடு வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. கார்பெட் பைத்தான் இனத்துக்கே இரைமேல் பாயும் வேகம் அதிகம். திறந்தால் இரை வராத நாட்களும் உண்டு என்று அதற்குப் புரிய வை. இரை இல்லாத நாளில் திறந்ததும் பாம்புக் கொக்கியால் உடம்பின் நடுவில் மெதுவாகத் தடவிக் கொடு. கொக்கி பட்டால் இன்று இரை இல்லை என்று சில வாரத்தில் பழகிவிடும். எலியைத் தொட்ட கையோடு பாம்பைத் தொடாதே, சோப்புப் போட்டுக் கழுவு. இரையை நீளமான இடுக்கியில் மட்டும் கொடு. இரைக்காக வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டியதில்லை. அப்படி மாற்றும்போது, பசியோடு இருக்கும் பாம்பையும் வயிறு நிறைந்த பாம்பையும் தூக்குவதில்தான் ஆபத்து.

கடித்துவிட்டால் கையை இழுக்காதே. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உனக்குத் தோல் கிழியும், அதற்குப் பல் உடையும். அப்பாவைக் கூப்பிடு. வாயோரம் குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

எலியைக் கண்டதும் என் பால் பைத்தான் தலையைத் திருகி, சில சமயம் தலைகீழாகவே திரும்பிவிடுகிறது. பாய்ந்தால் குறி தவறுகிறது. (கோலாலம்பூர்)

உடம்பில் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் உள்ள ஸ்பைடர் மார்ஃப் என்னும் நிற வகையா என்று பாருங்கள். அந்த நிறத்தைத் தரும் மரபணுவே உள்காதின் அமைப்பையும் கெடுக்கிறது, அதனால் சமநிலை தவறுகிறது. இரை வரும் பரபரப்பில் ஆட்டம் கூடும். இதற்கு மருந்து இல்லை. எலியை ஆட்டாமல் வாய்க்கு அருகில் நிலையாகப் பிடித்தோ, தரையில் வைத்துவிட்டோ உதவலாம். இந்தப் பாம்பைக் கொண்டு குட்டி எடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அழகான கோடுகளுக்காக இன்னொரு உயிர் ஆயுள் முழுக்கத் தலை சுற்றிக் கிடக்க வேண்டாம். ஸ்பைடர் இல்லை என்றால், அல்லது ஆட்டம் திடீரென்று தொடங்கியிருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செத்த எலியைத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் சுற்றி இறுக்கிக்கொண்டே இருக்கிறது. விழுங்கி முடித்ததும் கொட்டாவி வேறு விடுகிறது. (கோயம்புத்தூர்)

கொட்டாவி தாடையைச் சரிசெய்வது. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் எலும்பாக ஒட்டியவை அல்ல, நீளும் தசைநாரால் இணைந்தவை. விழுங்கும்போது விலகியது பிறகு இடத்துக்கு வரும். சாப்பிடாத நாளிலும் வாயைத் திறந்தே வைத்து, எச்சில் குமிழியும் தெரிந்தால் அது சளித் தொற்று.

இறுக்குவதும் இயல்புதான். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், செத்த எலிகளுக்குள் செயற்கை இதயம் பொருத்திப் போவா பாம்புகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்பு இருந்தவரை பாம்புகள் பிடியை விடாமல் இறுக்கின. துடிப்பே இல்லாத எலியை இறுக்கிய நேரமும் குறைவு, வலுவும் குறைவு. அதாவது துடிப்பு நின்றதா என்று உடம்பாலேயே அறிந்துகொள்கின்றன. எலியைப் பிடித்ததும் இடுக்கியால் ஓரிரு முறை லேசாக அசைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். வேட்டை முடிந்தது என்று அது தானாகவே தீர்மானித்து, எலியின் தலையைத் தேடத் தொடங்கும்.