பழைய எக்ஸ்ரே அறையை டிஜிட்டலாக்க முடியுமா?

கேள்வி: ஃபிலிம் கழுவும் எங்கள் மருத்துவமனை எக்ஸ்ரே அறையை டிஜிட்டலாக்க, எந்திரத்தையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எக்ஸ்ரே குழாயும் ஜெனரேட்டரும் நல்ல நிலையில் இருந்தால், ஃபிலிம் கேசட் வைக்கும் இடத்தில் 14-க்கு 17 அங்குல டிடெக்டர் பலகையைப் பொருத்தினாலே போதும். சில நொடிகளில் படம் கணினித் திரைக்கு வந்துவிடும், இருட்டறையும் தேவைப்படாது. ஃபிலிமுக்குப் பதில் சிறப்புத் தகடு கொண்ட கேசட்டில் படமெடுத்து, அதை ரீடர் என்ற கருவியில் இட்டுக் கணினிக்குக் கொண்டுவரும் சி.ஆர். (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி) முறைக்குச் செலவு குறைவுதான். ஆனால் ஒவ்வொரு கேசட்டையும் ரீடருக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருப்பதால், கூட்டம் மிகுந்த இடத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். கதிர்வீச்சு கூடினால் ஃபிலிம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலிலோ மென்பொருள் அதைச் சரிசெய்து தெளிவாகவே காட்டுவதால், நோயாளிகள், குறிப்பாகக் குழந்தைகள், தேவைக்கு மேல் கதிர்வீச்சு பெறுவது யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும். ஆகவே, ஒவ்வொரு படத்துடனும் வரும், டிடெக்டரை எவ்வளவு கதிர்வீச்சு எட்டியது என்று காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைக் கவனிக்கும்படி எக்ஸ்ரே எடுப்பவரை முதல் நாளிலேயே பழக்குங்கள்.