சமூக ஊடகத்தில் வந்து குவியும் தகவல்கள் இளைஞர்களின் மனநலத்தைப் பாதிக்கின்றனவா? நேரில் பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன். என் தம்பியிடமே.

எங்கள் வீடு கடலூரில், தென்பெண்ணை கடலில் சேரும் தாழங்குடா பக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றுக்கு நாங்கள் அவ்வளவாக அஞ்சவில்லை. 2011இல் தானே புயலைத் தாங்கிய ஊர் இது. ஆனால் மேற்கே கொட்டிய மழையில் தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் ஊர் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் தம்பி போனை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்போது அவனுக்கு 18 வயது. கரண்ட் இல்லை. பவர் பேங்கில் சொருகிய போனை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தான். "அக்கா, ஒரு லட்சமாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, ஒன்றரையாம்." பிறகு ஒரு வீடியோவைக் காட்டினான். இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் போகிறார்கள், 'கடலூர், சற்று முன்' என்று எழுதியிருக்கிறது. எனக்குப் பார்த்ததும் தெரிந்தது, அது 2015 வெள்ளத்தில் சுற்றிய வீடியோ. அந்த வெள்ளத்தில் இவன் 9 வயதுப் பையன், அப்பாவின் தோளில் உட்கார்ந்து வெளியே வந்தவன். பழசுடா என்று சொன்னேன். தலையாட்டினான். ஆனால் விரல் நடுக்கம் நிற்கவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப்போன ஒரே சேதிதான். ரேஷன் கார்டையும் சர்டிபிகேட்டுகளையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றினார், அரிசியைப் பரணில் ஏற்றினார், எங்களைச் சித்தி வீட்டுக்குக் கிளப்பினார். அவருக்கும் பயம்தான், ஆனால் கைக்கு வேலை இருந்தது. தம்பிக்கு ஐம்பது சேதி தெரியும், அதில் ஒன்றை வைத்தும் செய்வதற்கு எதுவும் இல்லை.

வீட்டுத் தண்ணீர் சில நாளில் வடிந்துவிட்டது. போன் அப்படி விடவில்லை. வெள்ள வீடியோக்களை நின்று பார்த்தான் என்பதற்காக இன்னும் வெள்ளம், வயநாடு நிலச்சரிவு, எங்கோ நடக்கும் போர் என்று வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே தன் வயதுப் பையன் கார் வாங்கிய ரீல். ஒன்றுக்கு அழுது முடிப்பதற்குள் அடுத்ததைப் பார்த்துத் தாழ்வாக உணர வேண்டும். இரவு இரண்டு மணி, மூன்று மணி ஆகும். சாப்பாடு குறைந்தது. "எதையும் செய்யணும்னு தோணல அக்கா" என்றான்.

அப்பா செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்து, மடித்து வைத்துவிட்டு எழுந்து போவார். போனில் அந்தக் கடைசிப் பக்கம் கிடையாது. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் அந்த அமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். அதனால் "கட்டுப்பாடு இல்லாத பிள்ளைகள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

முதலில் போனைப் பிடுங்கிப் பார்த்தோம். சண்டைதான் மிச்சம், செய்யாதீர்கள். அப்புறம் இரவில் வீட்டில் எல்லார் போனும், என்னுடையதும் சேர்த்து, சமையலறை அலமாரியில் சார்ஜ் ஏற வேண்டும் என்று வைத்தோம். மழைக்காலத்தில் வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதைக் காலையும் மாலையும் பார்ப்பது, அவ்வளவுதான். தூக்கம் திரும்பாததால் 14416க்கு அவனையே பேசச் சொன்னேன். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம். கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் மழை பிடித்ததும் சர்டிபிகேட் கவரை அவனே எடுத்துப் பரணில் வைத்தான். இறங்கி வந்து, "அம்மா, தோசைக்கு மாவு இருக்கா?" என்று கேட்டான்.