டூத்பேஸ்ட் டியூபை வெட்டலாம், அப்புறம்?

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. டூத்பேஸ்ட் டியூபைக் கத்திரியால் வெட்டி உள்ளே இருப்பதை வழித்தெடுக்கிறார், கரைந்துபோன சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுகிறார். அதெல்லாம் எனக்கும் சம்மதம்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து ஃபேனை நிறுத்துகிறார். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மூன்றாவது வாரமும் கொட்ட விடுவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்போம், இந்த வருஷம் அது வேண்டாம் என்கிறார். நான் ஊதாரியா, அவர் கஞ்சரா?
- வாசகி, ஈரோடு

பதில்: டியூபை வெட்டுகிற கட்சிதான் நானும். வெட்டிப் பார்த்தால் உள்ளே நாலு நாளைக்கு இருக்கும், அதைத் தூக்கிப் போட மனசு வராது. அதனால் உங்கள் கணவரைக் கஞ்சர் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஆனால் அந்த ஃபேன் விஷயம் இருக்கிறதே, உங்கள் கடிதத்தைப் படித்ததும் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். பழைய மாடல் சீலிங் ஃபேன் என்றால் சுமார் 75 வாட். ராத்திரி ஒரு மணியிலிருந்து காலை ஆறு வரை ஐந்து மணி நேரம், அதாவது 0.375 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றே வைத்தாலும் மிச்சம் இரண்டு ரூபாய்கூட இல்லை. அந்தக் காசுக்கு ஈரோட்டு வெயில் காலத்தில் இரண்டு பேர் விடிய விடிய வியர்வையில் புரள்கிறீர்கள், காலையில் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டால் கணக்கு அங்கேயே சரியாகிவிடும்.

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். நம் ஊர் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் முன்னால் இருக்கும் யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையிலும் கை வைத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு ரீடிங் 490, 510 என்று அந்த விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தால் அவர் பதறுவதில் அர்த்தம் உண்டு. அப்படியானால் நிறுத்த வேண்டியது ஃபேனை இல்லை, மாற்ற வேண்டியதுதான் ஃபேனை. பிஎல்டிசி ஃபேன் என்று கடையில் கேளுங்கள், முப்பது வாட் பக்கத்தில் ஓடும். வாங்கும்போது விலை கொஞ்சம் அதிகம்தான். ராத்திரி எட்டு மணி நேரம் என்று கணக்கு வைத்தால் இரண்டு மாதத்தில் இருபது யூனிட்டுக்கு மேல் குறையும், நீங்களும் தூங்கலாம்.

எண்ணெயில் மட்டும் அவரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெடுதலான பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும். ஓட்டல்களுக்கே இதற்கு ஒரு வரம்பு உண்டு, எண்ணெயில் அந்தக் கெட்ட பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018லிருந்து விதி. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது, கண்ணும் மூக்கும்தான். அடுப்பில் வைத்ததுமே புகைகிறது, நுரை அடங்க மாட்டேன் என்கிறது, கரண்டியில் எடுத்தால் பிசுபிசுவென்று கருப்பாக வழிகிறது என்றால் முடிந்தது கதை. மிச்சம் பிடிக்க ஆசை என்றால் தொடக்கத்திலேயே பெரிய வாணலியை விட்டுவிட்டுச் சின்ன இரும்புச் சட்டியில் நாலு நாலாகச் சுடுங்கள். பாதி எண்ணெய்தான் ஊற்ற வேண்டியிருக்கும். மீந்ததை வடிகட்டி இரண்டு மூன்று நாளில் தாளிக்க, பொரியலுக்கு என்று தீர்த்துவிடுங்கள்.

கடைசியாகப் புடவை. இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. டியூபை வெட்டினால் சிரமம் அவருடைய விரலுக்கு, அது அவர் பாடு. புடவையை நிறுத்தினால் மிச்சம் உங்கள் வீட்டில் நிற்கிறது, குறைச்சல் இன்னொரு வீட்டில் போய் விழுகிறது. வருஷா வருஷம் வரும் என்று அந்த அம்மா மனசில் கணக்கு வைத்திருப்பாள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. இதற்குப் பேர் சிக்கனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிஜமாகவே முடியவில்லை என்றால் உங்கள் தீபாவளிப் புடவையை முதலில் நிறுத்துங்கள், அப்புறம் அவளிடம் பேசலாம்.

இன்னொன்று, மாதச் சம்பளம் நின்றுபோன ஆளுக்கு ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வருவது ஃபேன் சத்தத்தால் இல்லை. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, பயத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்புக், பென்ஷன், நகைக்கடன் வட்டி, யாருமே பார்க்காத சேனலுக்குக் கட்டும் கேபிள் பணம் எல்லாவற்றையும் பரப்பி வைத்து இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். பூசணிக்காய் அங்கேதான் எங்கேயாவது இருக்கும்.

கேள்வி: என் அம்மா பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். "அட்டை ரெண்டு மாசம் வருதுல்ல" என்கிறார். சிக்கனமான ஆள், சொன்னால் கோபம் வருகிறது. என்ன செய்ய?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இதில் பேசித் தீர்க்க ஒன்றும் இல்லை, தினமும் போட வேண்டும். நாள் விட்டு நாள் போட்டால் பிரஷரும் நாள் விட்டு நாள்தான் கட்டுக்குள் இருக்கும், பக்கவாதம் நாள் பார்த்து வராது.

ஆனால் அம்மாவை அதட்ட வேண்டாம், அவர் பாஷையிலேயே பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரைக்கு வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். வெளியில்தான் வாங்குவேன் என்றால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் என்று இருக்கின்றன, அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் பாதி விலைக்கும் கீழே கிடைப்பது சாதாரணம். டாக்டரிடம் சீட்டைக் காட்டிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். "பாதிக் காசுக்கு முழு மாத்திரை" என்று சொல்லிப் பாருங்கள், சிக்கனமான ஆள் மறுக்க மாட்டார்.

கேள்வி: வீட்டுக் கடன் கட்டுவதால் எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன். மொய்யைக் குறைக்கலாமா?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஊர் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்துக்கே தனியாகப் பந்தல் போடுகிற ஊர்க்காரர் என்னிடம் இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு இல்லை, வட்டியில்லாக் கடன். நோட்டில் ஏறியிருக்கிறது. அவர் உங்களுக்குச் செய்ததைக் குறைக்காமல் திருப்பிச் செய்துவிடுங்கள், அதற்குமேல் ஏற்றிச் செய்வதை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். நோட்டில் இல்லாத ஆபீஸ் நண்பர், தூரத்து உறவு என்றால் நூறு ரூபாயோடு சீக்கிரமே போய்ப் பந்தி பரிமாறிவிட்டு வாருங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் சிக்கனத்துக்கு எல்லை எது?
- வாசகி, தாம்பரம்

பதில்: பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கேஸ் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெரியும், வருஷம் டியூப் மேலேயே அச்சடித்திருக்கும். நல்லாத்தானே இருக்கிறது என்று ஏழாவது வருஷமும் ஓட்டினேன். சிலிண்டர் போட வந்த பையன் டியூபை லேசாக வளைத்துக் காட்டினான், ரெகுலேட்டர் பக்கம் நகக்கீறல் மாதிரி வரிவரியாக வெடிப்பு. "அக்கா, இதுக்கு இருநூறு ரூபா பாத்தீங்களா?" என்றான். அன்றைக்கு மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதிலிருந்து டியூப், ஹெல்மெட், வண்டி பிரேக், மாத்திரை, இந்த நாலிலும் பேரம் பேசுவதில்லை.

இன்னொரு எல்லையை என் மாமியார் போட்டுக் கொடுத்தார். காபிப்பொடி விலை ஏற ஏற நான் சிக்கரியை ஏற்றிக்கொண்டே போனேன். இருபதில் ஆரம்பித்து முப்பது, அப்புறம் நாற்பது, யாருக்கும் சொல்லவில்லை. காபி-சிக்கரிக் கலவை என்று விற்பதில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட அதன் வாசலில் போய் நின்றேன். கறுப்பு மட்டும் அருமையாக இறங்கியது. மாமியாரும் ஒரு வாரம் ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் காலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"இன்னிக்குக் காபி போடலையாம்மா?"