மலை ஏறினால் மட்டும் கார் கொதிக்கிறது: ஹெட் கேஸ்கெட்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். சேலம் ஐந்து ரோடு நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நின்றாலும் வெப்ப முள் அசைவதில்லை. ஏற்காடு ஏறும்போது மட்டும், பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால் முள் சிவப்பைத் தொடுகிறது. தண்ணீர் குறையும்போது வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றுகிறேன். ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார்கள், பலன் இல்லை. இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
- அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். "போயிருக்கும்" என்பது ஊகம். சோதித்துப் பார்த்து "போயிருக்கிறது" என்று அவர்கள் சொல்லட்டும், பிறகு பேசலாம்.

எப்போது சூடாகிறது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது. நெரிசலில் நிற்கும்போது சூடேறினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைத்தான் சந்தேகிக்க வேண்டும். உங்கள் காரில் அந்தத் தொல்லை இல்லை. மலையில் கதை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது. வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றும் குறைவு. அந்த வெப்பம் முழுவதையும் வெளியேற்றும் அளவுக்கு ரேடியேட்டருக்குள் நீரோட்டம் இல்லை என்பதே என் கணிப்பு.

காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: போர் தண்ணீர். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. சமவெளியில் பாதி அடைத்த ரேடியேட்டரே போதும், மலையில் போதாது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்ததாக இருந்து, மருந்து விட்டுக் கழுவியும் அடைப்பு நீங்காவிட்டால் மாற்றுவதே நல்லது. பிறகு கார்க் கையேட்டில் சொன்ன கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். கலக்க வேண்டியதாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில்தான் கலக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 1,500 மீட்டரை ஒட்டிய ஏற்காட்டில் சுமார் 95 டிகிரியில். நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை 115 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது. ரப்பர் வளையம் தளர்ந்த மூடியால் அது முடியாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதுதான் எனக்கு உண்மையாகவே கோபமூட்டுகிறது. நம் பட்டறைகளில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால், இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்; தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் வால்வு மூட வேண்டிய பக்கவழி திறந்தே கிடப்பதால், சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலையே சூட்டைக் கூட்டும். புதிய வால்வைப் போடச் சொல்லுங்கள்.

கேஸ்கெட்டைச் சோதிப்பது கடினமல்ல. இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் விடாமல் வருகின்றனவா? டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி போல இருக்கிறதா? புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வருகிறதா? ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் உண்டு. இன்ஜினில் எரிந்த புகை தண்ணீருக்குள் கசிந்தால் பெட்ரோல் காரில் அந்தத் திரவம் மஞ்சளாகும். தண்ணீர் ஏன் குறைகிறது என்பதற்கும் விடை வேண்டும்: பிரஷர் டெஸ்ட் செய்தால் ஹோஸ், வாட்டர் பம்ப் கசிவு வெளியே தெரிந்துவிடும்.

இவை முடியும்வரை மலைக்குக் காரை எடுக்காதீர்கள். ஒருவேளை வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடலாம்.

வேலைக்கு விடும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினாலோ, கெடுத்து வைத்தாலோ அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வால்வைக் கழற்றிய ரசீது கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.