142 சதவீதத் தடுப்பு: நொச்சியின் வேலையா, பச்சையத்தின் வேலையா?

கடலூரிலிருந்து மருந்தியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: “வேலியில் நின்ற நொச்சி இலையை நிழலில் உலர்த்தி மெத்தனாலில் சாறு எடுத்தேன். முட்டை வெண்கருச் சோதனையில் மருந்து சேர்க்காத குழாய் 0.40 காட்டியது, சாறு சேர்த்தது 0.97. கணக்கிட்டால் தடுப்பு 142 சதவீதம். அருமையான முடிவு என்கிறார் வழிகாட்டி. நொச்சி வீக்கத்தைக் குறைக்கும் என்று எழுதிவிடலாமா?”

எழுதாதீர்கள். எதையும் நூற்றுக்கு மேல் தடுக்க முடியாது. அந்த எண்ணைக் கண்டதும் உங்களுக்குச் சந்தேகம் வந்ததே, அதை விட்டுவிடாதீர்கள்.

வெண்கருவைச் சூடேற்றினால் புரதம் குலைந்து கரைசல் பால்போலக் கலங்கும். மருந்து அந்தக் குலைவைத் தடுத்தால் கலங்கல் குறையும், 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் கரைசல் எவ்வளவு மறிக்கிறது என்று கருவி காட்டும் அளவும் இறங்கும். உங்கள் அளவு இரு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. நீங்கள் பயன்படுத்திய சூத்திரம், சாறு சேர்த்த குழாயின் அளவை, மருந்து சேர்க்காத வெறுங்குழாயின் அளவால் வகுத்து ஒன்றைக் கழிப்பது. பல கட்டுரைகளில் இது அப்படியே எடுத்தாளப்பட்டு வருகிறது. கலங்கலை அளக்கும் சோதனையில் இது தலைகீழ். இதன்படி எந்த இலை அதிகப் பச்சையோ அதுவே சிறந்த மருந்தாகிவிடும்!

மெத்தனால் பச்சையத்தை நன்றாக இழுத்து வரும். பச்சையம் சிவப்பு ஒளியை வலுவாக உறிஞ்சுவதும் 660-ஐ ஒட்டித்தான். ஆகவே இன்னொரு குழாய் வையுங்கள்: அதே அளவு சாறு, அதே பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்), வெண்கரு மட்டும் கிடையாது. அதையும் மற்றவற்றோடு சேர்த்தே சூடேற்றி அளவெடுங்கள். ஒரு பேச்சுக்கு அது 0.75 காட்டுகிறது என்று கொள்வோம். 0.97-இல் அதைக் கழித்தால் உண்மையான கலங்கல் 0.22. வெறுங்குழாயின் 0.40-உடன் ஒப்பிட்டால் தடுப்பு 45 சதவீதம். நம்பி எழுதக்கூடிய எண் அது. கழித்த பிறகும் 0.40-ஐத் தாண்டினால், சாற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தோடு சேர்ந்து படிகிறதா என்று பாருங்கள். கருவியில் வைப்பதற்கு முன் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஒப்பீட்டுக்கு வைக்கும் டைக்ளோபெனாக் (வீக்கம் குறைக்கும் மருந்து) குழாய் வெறுங்குழாயைவிடத் தெளிவாக இல்லையென்றால் அன்றைய சோதனையே சரியில்லை.

இவ்வளவும் சரியாக வந்தாலும் வெண்கருவுக்கு வீக்கம் கிடையாது. இது முதல் சல்லடை மட்டுமே. அடுத்தது மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டி, வீக்கத்தின்போது அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடை அளப்பது. அங்கேயும் இதே பொறி உண்டு: செத்த செல்லும் சுரக்காது. செல்கள் உயிரோடு இருப்பதைத் தனியே காட்டாமல் “குறைந்தது” என்று எழுதக் கூடாது. எலியின் பின்னங்கால் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கும் கராஜீனன் கரைசலை 0.1 மில்லி செலுத்தி மணிக்கு மணி வீக்கத்தை அளக்கும் முறை 1962-இலிருந்து வழக்கில் இருக்கிறது. அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், அதற்கும் முன் நச்சுத்தன்மைச் சோதனையும் கட்டாயம். வெண்கரு எண் உறுதியாகாமல் ஓர் எலியைக்கூட வதைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நம் வீடுகளில் நொச்சியை யாரும் மெத்தனாலில் ஊறவைப்பதில்லை. வெந்நீரில் போட்டு வேது பிடிக்கிறார்கள், இலையை வதக்கி மூட்டில் ஒற்றடம் கொடுக்கிறார்கள். அந்த வழக்கத்தைத்தான் சோதிக்கிறீர்கள் என்றால் நீரில் காய்ச்சிய சாற்றையும் பக்கத்தில் வையுங்கள். பச்சையம் நீரில் கரையாது என்பதால் நிறத் தொல்லையும் குறையும்.

இன்னொன்று, வேலியில் நின்றது எந்த நொச்சி? கடற்கரைப் பக்கம் நீர்நொச்சியும் வளர்கிறது. உலர்ந்து பொடியான பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. அதே செடியிலிருந்து ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்துங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இலை மட்டும் போதாது, பூவோடு ஒடித்துக்கொள்ளுங்கள்.