இசிஜி பதிவை நிறுத்திப் பார்த்தால் இணைப்பு அறுகிறது

சர்வரிலிருந்து வெப்சாக்கெட்டில் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) 30 விநாடிக்கு ஒரு பிங் (இணைப்பு உயிரோடு இருக்க அனுப்பும் சிறு செய்தி) அனுப்புங்கள். டாக்டர் பழைய இசிஜி அலையை பிரவுசரில் நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது இணைப்பு அறுவது நின்றுவிடும்.

இசிஜி மானிட்டர்மேல் தவறு இருக்காது. பெரும்பாலும் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் பிராக்ஸியாக (இடைத்தரகராக) உள்ள என்ஜின்எக்ஸ் மென்பொருள்தான் காரணம்: அதன் ‘பிராக்ஸி ரீட் டைம்அவுட்’, அதாவது சர்வரிலிருந்து தரவு வராவிட்டால் காத்திருக்கும் நேரம், நீங்கள் மாற்றாதவரை 60 விநாடி. அலை நின்றால் தரவு வராது, அது துண்டித்துவிடும்.

சந்தேகமென்றால் அலையை நிறுத்திவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக ஒரு நிமிடத்தில் அறுந்து, என்ஜின்எக்ஸின் எரர் லாகில் (பிழைப் பதிவில்) ‘அப்ஸ்ட்ரீம் டைம்ட் அவுட்’ என்று வந்தால் அதேதான்.

ஒன்று மட்டும் கவனம். பிங்கைப் பயனரின் அசைவாகக் கணக்கிட்டால் தானியங்கி லாக்அவுட் நடக்கவே நடக்காது. டாக்டர் எழுந்து போன பிறகும் நோயாளியின் பெயரும் அலையும் திரையில் கிடக்கும். லாக்அவுட்டை மவுஸ், கீபோர்டு அசைவை வைத்தே முடிவு செய்யுங்கள். அப்புறம், அவசரத்துக்குக்கூட பிராக்ஸியைத் தாண்டி மானிட்டர் சர்வரின் போர்ட்டை நேராக இணையத்தில் திறந்துவிடாதீர்கள்.