318 மதிப்பெண்ணும் ஒரு முன்பணமும்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் 600க்கு 318 எடுத்திருக்கிறேன். தமிழ் 84, ஆங்கிலம் 52, கணிதம் 41, இயற்பியல் 44, வேதியியல் 47, கணினி அறிவியல் 50. எம்.பி.சி. பிரிவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். இந்த மார்க்குக்குக் கவுன்சிலிங்கில் ஒன்றும் கிடைக்காது என்று சொல்லி, ஒருவர் அப்பாவை ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். இந்த வாரத்துக்குள் 50,000 முன்பணமும் டி.சி.யும் கொடுத்தால் இடம் உறுதியாம். அப்பா வட்டிக்கு வாங்கப் பார்க்கிறார். நான் எங்கே விண்ணப்பிப்பது?

கே., அரியலூர் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டுங்கள்.

அப்பாவைக் கூட்டிப்போனவர் சொன்னது உண்மையில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 40 சதவீதம் இருந்தால் எம்.பி.சி. மாணவர் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகலாம். உங்களுக்கு 44. தரவரிசைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு 86.5 வருகிறது. கடைசிச் சுற்றில்தான் உங்கள் முறை வரும், பெயர்பெற்ற கல்லூரிகள் அதற்குள் நிரம்பியிருக்கும். ஆனால் எல்லாச் சுற்றும் முடிந்த பிறகும் வருடாவருடம் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அப்படிக் கிடக்கிற இடத்துக்கா வட்டிக்கு வாங்குவது?

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய சீட்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. அதே வகுப்பில், அதே பெஞ்சில் பக்கத்துப் பையன் காசில்லாமல் படிப்பான், உங்கள் அப்பா வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

சரி, இதெல்லாம் சொன்னாலும் நான் உங்களுக்குப் பொறியியலை முதலில் சொல்ல மாட்டேன். கணிதத்தில் 41 எடுத்தவருக்கு முதல் வருடக் கணிதத்தாள்கள் கடினம். அரியர் விழ ஆரம்பித்தால் மனம் விட்டுப்போகும். அரசு பாலிடெக்னிக்கில் கேட்டுப் பாருங்கள். பிளஸ் டூ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ, பிறகு விருப்பமிருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருடம். மொத்தத்தில் ஒரு வருடம்தான் கூடுகிறது. கையில் வேலை பழகிய பிறகு அந்தக் கணிதம் எதற்கென்று புரியும்.

அப்புறம் அந்த 84. அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள், மொத்த 318ஐப் பார்ப்பதில்லை. அரியலூர், கும்பகோணம் இரண்டு ஊரிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்கலாம். உங்கள் கடிதத்தில் ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை. இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்று மட்டும் யோசியுங்கள், யாருக்காகவும் சேர வேண்டாம்.

எந்தக் கல்லூரியானாலும் பட்டியலில் எழுதும் முன் ஒரு நாள் நேரில் போங்கள். அலுவலகத்தில் பேச வேண்டாம், வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் கடைசி வருட மாணவர்களிடம் பேசுங்கள். லேப் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறார்கள், வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர், போன வருடம் பாதியில் போன ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பொறியியல் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதையும் பாருங்கள்.

நான் படித்தபோது பிளஸ் டூவுக்கு 1200 மதிப்பெண். எனக்கு 612. ரிசல்ட் வந்த நாலாம் நாள் சித்தப்பா என்னை ஒரு கல்லூரிக்குக் கூட்டிப்போய் முன்பணம் கட்டினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் டி.சி.யை ஒரு பச்சை ஃபைலில் குத்தி பீரோவில் வைத்தார். மூன்று வாரம் கழித்து அரசு கல்லூரிப் பட்டியலில் என் பெயர் வந்தது. டி.சி.யைக் கேட்டால் முழு வருடக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். அப்பாவால் முடியவில்லை. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது, ஆனாலும் கொடுத்துவிட்டு அலைவதைவிடக் கொடுக்காமலிருப்பது நல்லது.

உங்கள் டி.சி. இன்னும் வீட்டில்தானே இருக்கிறது? கலந்தாய்வு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.